கருவி வெச்ச அன்னிக்கே செய்தி முடிஞ்சிடுது, விஷயமே அதுக்கப்புறம் தான் இருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காது கேக்காத குழந்தைக்கு காக்ளியர் இம்ப்ளான்ட் வெச்சாங்க, ஸ்விட்ச் ஆன் பண்ணாங்க, குழந்தை சத்தம் கேட்டு திரும்பிச்சு, அம்மா கண்ணுல தண்ணி வந்துடுச்சுன்னு செய்தி வர்றது இப்போ எல்லா பேப்பர்லயும் வழக்கமாயிடுச்சு, உங்க பேப்பர்லயும் தான். படிக்கும்போது எனக்கும் மனசு நெறையுது, அந்த அம்மா அழுததுல ஒரு துளி பொய் கிடையாது. ஆனா செய்தி அங்கயே நின்னு போயிடுது. நான் காது கேக்காத பிள்ளைங்களுக்கு பேச்சு சொல்லித்தர்ற வேலையில பல வருஷமா இருக்கேன். இந்த மாதிரி செய்திய படிச்சிட்டு வர்ற பெத்தவங்க "ஆபரேஷன் முடிஞ்சு ஆறு மாசமாச்சு டீச்சர், இன்னும் அம்மான்னு கூட சொல்ல மாட்டேங்குறான், மெஷின் ஃபால்ட்டா இருக்குமோ"ன்னு கேக்குறாங்க. மெஷின்ல ஒரு கோளாறும் இருக்காது. அந்தப் பையனுக்கு வயசு ரெண்டோ மூணோ இருக்கலாம், ஆனா காது கேக்க ஆரம்பிச்சு ஆறு மாசம் தான ஆகுது, நல்லா காது கேக்குற குழந்தையே ஆறு மாசத்துல பேசுறதில்லயே. எங்க வட்டாரத்துல இத "கேக்குற வயசு"ன்னு சொல்லுவோம், ஸ்விட்ச் ஆன் பண்ண நாள்லருந்து எண்ணுவோம். இந்த ஒரு விஷயத்த செய்தியில ஒரு வரி போட்டிருந்தா எத்தனையோ வீட்டுல நிம்மதியா தூங்கியிருப்பாங்க.

அதனால தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

மொதல்ல அந்தக் கருவி என்ன செய்யுதுன்னு சொல்றேன். நம்ம உள்காதுல காக்ளியான்னு நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு உறுப்பு இருக்கு, நீட்டிப் பாத்தா ஏறக்குறைய 35 மில்லிமீட்டர் தான் வரும். அதுக்குள்ள 15,000க்கு மேல மயிர் செல்கள் இருக்கு, அதுல சத்தத்த நரம்புக்கு அனுப்புற முக்கியமான வேலைய செய்றது உள்வரிசையில இருக்குற ஒரு 3,500 தான். அங்கருந்து சத்தத்த மூளைக்கு கொண்டு போற நரம்புல, கேள்வி நரம்புன்னு சொல்லுவாங்க, ஏறக்குறைய 30,000 இழைகள். பிறவியிலயே காது கேக்காதவங்கள்ல நெறைய பேருக்கு கெட்டுப்போயிருக்கிறது அந்த செல்கள் தான், நரம்பு நல்லாத்தான் இருக்கும். ஹியரிங் எய்ட் சத்தத்த பெருசாக்கும், வாங்கிக்க செல்லே இல்லன்னா எவ்வளவு பெருசாக்கி என்ன செய்ய. இம்ப்ளான்ட் அந்த செல்கள தாண்டிப் போயி நரம்பயே கரன்ட்டால தொடுது. வெளியில காதுக்குப் பின்னாடி மைக்கும் ப்ராசஸரும் இருக்கும், காந்தத்தால தலையில ஒட்டுற ஒரு காயில் இருக்கும், தோலுக்கு அடியில வெச்சிருக்கிற ரிசீவர் சிக்னல வாங்கி காக்ளியாவுக்குள்ள சொருகியிருக்குற மெல்லிசான எலக்ட்ரோட் வரிசைக்கு அனுப்பும். அந்த வரிசையில எத்தன முனை தெரியுமா, கம்பெனிய பொறுத்து 12லருந்து 22 வரைக்கும் தான். அதுலயும் கரன்ட் உள்ள இருக்குற திரவத்துல பரவிடுறதால, எட்டு பத்து தனித்தனி வழிக்கு மேல பேச்சுக்கு பெருசா பலன் கெடைக்கிறதில்ல.

3,500 செல் செய்ற வேலைய 22 முனை செய்யுது. இது தெரிஞ்சா ஆறு மாசத்துல பேசலயேன்னு யாரும் கேக்க மாட்டாங்க, எப்பிடித்தான் பேச வருதுன்னு ஆச்சரியப்படுவாங்க. வளந்தப்புறம் காது போயி இம்ப்ளான்ட் வெச்சுக்கிட்டவங்க மொத நாள் என்ன கேட்டுச்சுன்னு சொல்றதுல பாதிப்பேர் ரோபோ பேசுற மாதிரி, பீப் பீப்புன்னு, கார்ட்டூன் குரல் மாதிரின்னு தான் சொல்லுவாங்க. வாரம் போகப்போக, மாசம் போகப்போக அதே பீப்பு மனுஷக் குரலா மாறுது. அந்த மாசங்கள்ல ஆடியாலஜிஸ்ட், அதாவது காது கேக்குறத சோதிக்கிற நிபுணர், ஒவ்வொரு முனைக்கும் எவ்வளவு கரன்ட் போகணும்னு அளவ திருத்திக்கிட்டு தான் இருப்பார், மேப்பிங்னு அதுக்குப் பேரு, ஆனா மாற்றத்துல பெரும்பங்கு உள்ள இருக்குற மூளையோடது. ஏற்கனவே பேச்சு தெரிஞ்ச மூளைக்கே அவ்வளவு நாள் வேணும்னா, பேச்சுன்னா என்னன்னே தெரியாத குழந்தையோட மூளைக்கு எவ்வளவு வேணும்.

இப்போ தொடுதல் பக்கம் வர்றேன், ஏன்னா பேச்ச புரிஞ்சுக்க காது கூட கட்டாயம் இல்லன்னு நிரூபிச்சவங்க அங்க தான் இருக்காங்க, அவங்கள பத்தி பேப்பர்ல யாரும் எழுதுறதே இல்ல.

டடோமான்னு ஒரு முறை இருக்கு. காதும் கேக்காம கண்ணும் தெரியாதவங்க, பேசுறவங்க முகத்துல கைய வெச்சு பேச்ச புரிஞ்சுக்கிறது. கட்டைவிரல் உதட்டு மேல இருக்கும், மத்த விரல்கள் கன்னத்துலயும் தாடையிலயும் தொண்டையிலயும் விரிஞ்சு கிடக்கும். உதடு எப்ப மூடுது, எப்ப காத்து வெளிய வருது, தாடை எவ்வளவு எறங்குது, தொண்டை எப்ப அதிருதுன்னு எல்லாமே கைக்கு வந்துடும். 1920கள்ல அமெரிக்காவுல சோஃபியா ஆல்கார்ன்னு ஒரு ஆசிரியை இத முறையா சொல்லிக்குடுத்தாங்க, அவங்ககிட்ட படிச்ச டாட், ஓமான்னு ரெண்டு பிள்ளைங்க பேர சேத்து தான் டடோமான்னு பேர் வந்துச்சு. அதுக்கு முன்னாடியே நார்வேயில ரக்ன்ஹில்டு காட்டான்னு காதும் கண்ணும் இல்லாத ஒரு பொண்ணு பேசக் கத்துக்கிட்டா, அந்த சேதி 1890ல ஹெலன் கெல்லர் காதுக்கு, இல்ல, கைக்கு எட்டுனப்புறம் தான் நானும் பேசியே தீருவேன்னு அவங்க பிடிவாதம் பிடிச்சாங்க. சாரா ஃபுல்லர்னு ஒரு ஆசிரியை தன் முகத்துல ஹெலன் கைய வெச்சு நாக்கும் உதடும் எங்க இருக்குன்னு தொட்டுப்பாக்க வெச்சு ஆரம்பிச்சு வெச்சாங்க. ஹெலன் கெல்லர் கதை நம்ம பாடப்புத்தகத்துல எல்லாம் வருது, தண்ணிக் குழாய் சம்பவம் எல்லாருக்கும் தெரியும், ஆனா பின்னாள்ல அவங்க அடுத்தவங்க மூக்குலயும் உதட்டுலயும் தொண்டையிலயும் விரல வெச்சு பேச்ச "கேட்டாங்க"ன்னு எத்தன பேருக்குத் தெரியும்.

அமெரிக்காவுல எம்ஐடிங்கிற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல சார்லட் ரீடும் அவங்க கூட இருந்தவங்களும் 1980கள்ல டடோமா நல்லாத் தெரிஞ்ச ஆட்கள வெச்சு பரிசோதிச்சாங்க. ரொம்ப சின்ன வயசுலயே காதையும் கண்ணையும் இழந்தவங்க அதுல இருந்தாங்க. கொஞ்சம் நிதானமா பேசுனா சாதாரண வாக்கியங்கள அவங்க பெரும்பாலும் புரிஞ்சுக்கிட்டாங்க. வெறும் தோல் வழியா. கருவி கிடையாது, பேட்டரி கிடையாது, ஆபரேஷன் கிடையாது. ஆனா அதுக்குப் பின்னாடி வருஷக்கணக்குல ஒரு ஆசிரியை பக்கத்துல ஒக்காந்திருக்காங்க, முகத்த கொடுத்திருக்காங்க, அலுக்காம திரும்பத் திரும்ப சொல்லியிருக்காங்க. டடோமா இன்னிக்கு கிட்டத்தட்ட மறைஞ்சு போனதுக்கும் அது தான் காரணம், அவ்வளவு நேரம் கொடுக்க ஆள் இல்ல, எல்லார் முகத்துலயும் கைய வெக்கவும் முடியாது.

அப்போ முகத்துல கை வெக்காம, பேச்ச அதிர்வா மாத்தி தோலுக்கு கொண்டுவர முடியாதான்னு யோசிச்சதுல பொறந்தது தான் தொடு கருவிகள். ராபர்ட் கால்ட்னு நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துல ஒருத்தர் 1920கள்லயே ஆரம்பிச்சிட்டார். மொதல்ல ஒரு நீளமான குழாய், ஒரு முனையில பேசுவாங்க, மறு முனையில உள்ளங்கை. அப்புறம் டெலிடாக்டர்னு ஒரு மெஷின் செஞ்சார், குரல அஞ்சு பகுதியா பிரிச்சு அஞ்சு விரலுக்கும் ஒவ்வொண்ணா அதிர்வா அனுப்பும்.

ஏன் பிரிக்கணும்? இங்க தான் தோலோட கஷ்டம் இருக்கு. நம்ம காது 20 ஹெர்ட்ஸ்லருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கேக்கும்னு ஸ்கூல்ல படிச்சிருப்போம். தோல் அதிர்வ நல்லா உணர்றது 250 ஹெர்ட்ஸ் பக்கம், 1,000 தாண்டிட்டா ஏறக்குறைய ஒண்ணுமே தெரியாது. ஆம்பளக் குரல், பொம்பளக் குரலோட அடிப்படை அதிர்வு எல்லாம் தோலுக்கு எட்டுற தூரத்துலயே இருக்கு, அதனால தான் தொண்டையில கை வெச்சா "ம்"முன்னு தெரியுது. ஆனா ஸ், ஷ் மாதிரி ஒலிகளோட பலம் எல்லாம் பல ஆயிரம் ஹெர்ட்ஸ்ல, அது தோலுக்கு வெறும் அமைதி. அதனால அந்த ஒலிய அப்படியே அனுப்பாம வேற எடத்துக்கு மாத்தி அனுப்பணும், கீழ் ஸ்தாயி வந்தா இந்த விரல் அதிரட்டும், மேல் ஸ்தாயி வந்தா அந்த விரல் அதிரட்டும்னு. ஸ்தாயிய எடமா மாத்துறது. காக்ளியாவும் இயற்கையில இதையே தான் செய்யுது, அடிப்பக்கம் மேல் ஸ்தாயி, நுனிப்பக்கம் கீழ் ஸ்தாயி. காக்ளியா எப்படி வேலை செய்யுதுன்னு கண்டுபிடிச்சதுக்கு 1961ல நோபல் வாங்குன ஜார்ஜ் வான் பெகெஸி கூட, ஒரு பெரிய மாதிரிக் காக்ளியா செஞ்சு அத தன் முன்கையில வெச்சு தோலால உணர்ந்து பாத்தவர் தான்.

எனக்கு இந்த வரலாறுலயே ரொம்பப் பிடிச்ச எடம் மெல்போர்ன். கிரேம் கிளார்க்னு டாக்டர், அவங்க அப்பா மருந்துக்கடை வெச்சிருந்தவர், அவருக்கு காது சரியா கேக்காது, கடையில ஆளுங்ககிட்ட பேச அவர் பட்ட பாட்ட பாத்து வளந்த பையன். காக்ளியாவுக்குள்ள எலக்ட்ரோட எப்படி முறியாம சொருகுறதுன்னு தெரியாம தவிச்சிட்டு, 1977ல கடற்கரையில ஒரு சங்குக்குள்ள புல்ல நொழச்சுப் பாத்து, நுனி வளையணும் அடி கொஞ்சம் விறைப்பா இருக்கணும்னு புரிஞ்சுக்கிட்டாராம். 1978ல ராட் சாண்டர்ஸ்னு ஒருத்தருக்கு தன்னோட மொத பல முனை கருவிய வெச்சார். அவரோட குழு 1980கள்ல இன்னொண்ணும் செஞ்சாங்க, டிக்கிள் டாக்கர்னு பேரு. ஆபரேஷன் கிடையாது, ஒரு கையோட நாலு விரல்லயும் மோதிரம் மாதிரி மாட்டிக்கணும், எட்டு எலக்ட்ரோட், லேசா கூசுற அளவுக்கு கரன்ட் வரும். இதுல முக்கியம் என்னன்னா அவங்களோட அந்தக் கால இம்ப்ளான்ட்டும் இந்த மோதிரமும் பேச்சுல இருந்து எடுத்துக்கிட்டது முக்கியமா அதே ரெண்டு விஷயம் தான், குரலோட அடிப்படை ஸ்தாயி ஒண்ணு, வாய்க்குள்ள நாக்கு இருக்குற எடத்த சொல்ற ரெண்டாவது ஒத்ததிர்வு ஒண்ணு. ஒண்ணு துடிப்போட வேகமா போச்சு, இன்னொண்ணு எந்த எலக்ட்ரோடுன்னு எடமா போச்சு. அதே சேதி, ஒருத்தருக்கு காக்ளியாவுக்குள்ள, இன்னொருத்தருக்கு விரல்ல. ரெண்டு பேருமே பழகுனப்புறம் உதட்டசைவோட சேத்து நல்லா முன்னேறுனாங்க.

உதட்டசைவோட சேத்துன்னு சொன்னேன்ல, அது சின்ன விஷயம் இல்ல. "படி"ன்னு கண்ணாடி முன்னாடி சத்தம் இல்லாம சொல்லிப் பாருங்க, அப்புறம் "மடி"ன்னு சொல்லிப் பாருங்க. உதடு ரெண்டுக்கும் ஒரே மாதிரி தான் போகும். கண்ணுக்கு வித்தியாசமே கிடையாது. ஆனா மூக்குல விரல வெச்சா ம அதிரும், ப அதிராது. நாங்க கிளாஸ்ல குழந்தையோட கைய எங்க மூக்குல வெச்சு, அப்புறம் அதோட மூக்குலயே வெச்சு சொல்லித்தர்றது இத தான். ஒரே ஒரு அதிர்வுத் தகவல், ஆமா இல்லன்னு ஒரு துண்டு சேதி, அது வந்துட்டா உதட்ட பாத்து புரிஞ்சுக்கிறது எவ்வளவோ சுலபமாயிடும். அதனால தான் ஒரே ஒரு முனை வெச்ச ஆரம்பகால இம்ப்ளான்ட் கூட உதவுச்சு. வில்லியம் ஹவுஸ்னு லாஸ் ஏஞ்சலஸ் டாக்டர் 1961ல ஆரம்பிச்சு வெச்சது அது, 1984ல அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தப்போ அது தான் மொத இம்ப்ளான்ட். 1977லயே பில்ஜர்னு ஒருத்தர் தலைமையில அந்தக் கருவி வெச்சவங்கள சோதிச்சு அறிக்கை கொடுத்தாங்க, கருவிய மட்டும் வெச்சு பேச்சு புரியல, ஆனா உதட்டசைவு படிக்கிறது முன்னேறியிருக்கு, அவங்க சொந்தக் குரலும் கட்டுக்குள்ள வந்திருக்குன்னு. அந்தக் கால தொடு கருவிகளும் ஏறக்குறைய அதே அளவுக்குத் தான் கொடுத்துட்டு இருந்துச்சு. ரெண்டும் ஒரே கோட்டுல நின்ன காலம் அது.

அப்புறம் இம்ப்ளான்ட் ஓடிடுச்சு, அத மறைக்க வேண்டியதில்ல. வியன்னாவுல இங்கபோர்க் ஹோக்மேர், எர்வின் ஹோக்மேர் தம்பதி, மெல்போர்ன்ல கிளார்க், அமெரிக்காவுல பிளேக் வில்சன்னு ஆளாளுக்கு மெனக்கெட்டாங்க. வில்சன் 1991ல கொண்டுவந்த முறையில எல்லா முனைக்கும் ஒரே நேரத்துல கரன்ட் கொடுக்காம, ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா படுவேகமா மாத்தி மாத்தி கொடுத்தாங்க, ஒண்ணோட கரன்ட் இன்னொண்ணுல கலக்குறது கொறஞ்சுது, பேச்சு தெளிவாச்சு, நெறைய பேர் உதட்ட பாக்காமலே புரிஞ்சுக்க ஆரம்பிச்சாங்க. கிளார்க், இங்கபோர்க் ஹோக்மேர், வில்சன் மூணு பேருக்கும் 2013ல லாஸ்கர் விருது கெடச்சுது. ராபர்ட் ஷானன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1995ல காது நல்லா கேக்குறவங்களுக்கே பேச்ச நாலே நாலு பட்டையா ஒடச்சு இரைச்சலா மாத்திப் போட்டுக் காட்டுனார், கொஞ்சம் பழகுனதும் அவங்களுக்கு பேச்சு புரிஞ்சுது. பேச்சு அவ்வளவு கெட்டியான சரக்கு, எவ்வளவு சிதச்சாலும் உள்ள இருக்குறது தப்பிச்சு வந்துடுது.

தோலுக்கு இந்த வேகம் கெடையாது. ரெண்டு துடிப்புக்கு நடுவுல இருக்குற சின்ன இடைவெளிய காது பிடிக்கிற மாதிரி தோல் பிடிக்காது, பக்கத்து பக்கத்துல ரெண்டு அதிர்வு வந்தா ஒண்ண ஒண்ணு மறச்சிடும். 1990ல ரெண்டு வயசுக்கு மேல குழந்தைங்களுக்கு பல முனை இம்ப்ளான்ட் வெக்கலாம்னு அமெரிக்காவுல அனுமதி வந்தப்புறம் ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்தாங்க, இம்ப்ளான்ட் பிள்ளைங்க தெளிவா முந்திட்டாங்க. அதுவரைக்கும் பிள்ளைங்க நெஞ்சுலயும் கையிலயும் மாட்டிட்டு இருந்த ஏழு மோட்டார் டாக்டெய்டு மாதிரி கருவிகள் எல்லாம் அலமாரிக்குப் போயிடுச்சு. பெத்தவங்க யாராவது என்கிட்ட எது வேணும்னு கேட்டா, நரம்பு நல்லா இருக்குற சின்னக் குழந்தைக்கு, பேச்சு வரணும்னு அவங்க விரும்புனா, இம்ப்ளான்ட்னு தான் சொல்லுவேன், சீக்கிரமா வெக்கணும்னும் சொல்லுவேன். 12 மாசத்துலயே வெக்கிறாங்க, அமெரிக்காவுல 2020லருந்து 9 மாசத்துக்கும் அனுமதி இருக்கு. மூளை பேச்ச வாங்கிக்க தயாரா இருக்குற அந்த மொத வருஷங்கள் திரும்ப வராது.

ஆனா அலமாரிக்குப் போனது அங்கயே கெடக்கணுமா? இது தான் எனக்கு வருத்தம். எல்லாருக்கும் இம்ப்ளான்ட் வெக்க முடியாது. சில குழந்தைங்களுக்கு கேள்வி நரம்பே இருக்காது, இல்ல நூல் மாதிரி மெலிஞ்சிருக்கும். மூளைக்காய்ச்சல் வந்து காது போனவங்களுக்கு காக்ளியாவுக்குள்ள எலும்பு வளந்து அடச்சுக்கும், கொஞ்ச மாசத்துலயே கூட அடச்சுடும், அதனால தான் மூளைக்காய்ச்சலுக்கு அப்புறம் காது கேக்கலன்னா டாக்டர்கள் அவசரப்படுத்துறாங்க. ரெண்டு பக்க கேள்வி நரம்புலயும் கட்டி வர்ற ஒரு பரம்பரை நோய் இருக்கு, கட்டிய எடுக்கும்போது நரம்பும் போயிடும். அவங்களுக்காக 1979ல ஹவுஸும் ஹிட்செல்பெர்கரும் நேரா மூளைத்தண்டுலயே எலக்ட்ரோட் வெச்சாங்க, இன்னிக்கும் வெக்கிறாங்க, ஆனா அதுல பேச்சுத் தெளிவு பொதுவா காக்ளியர் இம்ப்ளான்ட் அளவுக்கு வர்றதில்ல, பெரும்பாலும் உதட்டசைவுக்குத் துணையாத்தான் நிக்குது. அஷர் சிண்ட்ரோம்னு இன்னொண்ணு, காது கேக்காம பொறந்து, வளர வளர கண் பார்வையும் சுருங்கிட்டே வரும். உதட்டசைவும் போயிடும், எதிர்ல நிக்கிறவங்களோட சைகையும் கண்ணுக்கு எட்டாது. இவங்களுக்கெல்லாம் தோல் ஒரு பெரிய வாசல், அந்த வாசல்ல வேலை செய்றவங்களுக்கு பேப்பர்ல ஒரு பத்தி கூட கெடைக்கல.

மூளை தயாராத்தான் இருக்கு. 1998ல ஃபின்லாந்துல பிறவியிலயே காது கேக்காத ஒருத்தரோட உள்ளங்கையிலயும் விரல்லயும் அதிர்வு கொடுத்து மூளைய அளந்து பாத்தாங்க, தொடுதலுக்கான பகுதி மட்டுமில்லாம, கேக்குறதுக்குன்னு இருக்குற பகுதியும் வேலை செஞ்சுது. சும்மா கெடந்த எடத்த தொடுதல் எடுத்துக்கிச்சு. காது கேக்குறவங்களுக்கே தோல் பேச்சுல கலந்துக்குது, 2009ல கையிலயும் கழுத்துலயும் லேசா காத்து ஊதிக்கிட்டே ஒலிய கேக்க வெச்சப்போ, காத்து வெடிச்சு வர்ற ஒலின்னு நெனச்சு ஆங்கில "ba"வ "pa"ன்னு கேட்டாங்க, ஊதுற சத்தம் அவங்க காதுக்கு கேக்காத அளவு லேசு.

இப்போ ரெண்டும் திரும்ப ஒண்ணா சேருது, எனக்கு அதுல தான் ரொம்ப நம்பிக்கை. இம்ப்ளான்ட்டுக்கு எது பலவீனம்? குரலோட ஏத்த இறக்கம், பாட்டு, கூட்டத்துல நாலு பேர் பேசும்போது ஒருத்தர் குரல பிரிச்செடுக்கிறது. கீழ் ஸ்தாயி தகவல் அதுல சரியா போறதில்ல. தோலுக்கு எது பலம்? அதே கீழ் ஸ்தாயி. 2017ல கலிஃபோர்னியாவுலயும், அப்புறம் இங்கிலாந்துல சவுத்தாம்ப்டன்ல மார்க் ஃப்ளெட்சர் குழுவும், இம்ப்ளான்ட் வெச்சவங்களுக்கு விரல்லயோ மணிக்கட்டுலயோ கூடவே அதிர்வு கொடுத்துப் பாத்தாங்க, இரைச்சலுக்கு நடுவுல பேச்சு புரியறது கூடுச்சு. பர்டூ பல்கலைக்கழகத்துல ஹாங் டான் குழு முன்கையில 24 சின்ன அதிர்விகள் வெச்ச ஒரு உறைய செஞ்சு, ஆங்கிலத்தோட 39 ஒலிகளுக்கும் தனித்தனி அதிர்வுக் கோலம் கொடுத்து ஆளுங்களுக்கு வார்த்தை வார்த்தையா கத்துக்கொடுத்தாங்க. டேவிட் ஈகிள்மேன் குழு நாலு மோட்டார் வெச்ச கைப்பட்டைய கடைக்கே கொண்டு வந்துட்டாங்க. இந்தக் கைப்பட்டைகள பத்தி ஒண்ணு சொல்லிடுறேன். கதவு தட்டுறது, குழந்தை அழுறது, யாரோ பேச ஆரம்பிக்கிறது எல்லாம் தெரியும், உதட்டசைவுக்கும் துணை நிக்கும், அது பெரிய உபகாரம். ஆனா இத மாட்டுனா பேச்சு மொத்தமும் கையில வந்துடும்னு நெனச்சு குழந்தையோட இம்ப்ளான்ட்ட தள்ளிப்போடாதீங்க, நாலு மோட்டாருக்கு அந்த அளவு சரக்க தூக்குற தெம்பு இல்ல.

எங்க துறைக்குள்ளயே ஒரு சண்டை இருக்கு, அதையும் சொல்லியாகணும். இம்ப்ளான்ட் வெச்ச குழந்தைக்கு உதட்ட காட்டாத, தொட்டு சொல்லித்தராத, சைகை காட்டாத, காத மட்டும் நம்பி வளத்தா தான் காது பழகும்னு ஒரு கூட்டம். வாய கையால மறச்சிட்டு பேசுவாங்க. அதுல கொஞ்சம் நியாயம் இருக்கு, சுலபமான வழி இருந்தா மூளை கஷ்டமான வழிக்கு போகாது. ஆனா மேப்பிங் சரியா அமையாத குழந்தை, நரம்பு மெலிஞ்ச குழந்தை, தாமதமா வெச்ச குழந்தை எல்லாத்தையும் ஒரே தராசுல நிறுத்தி, பேச்சு வர்ற வரைக்கும் வேற மொழியே கெடையாதுன்னு பட்டினி போடுறது தப்பு, இத நான் எங்க வேணா நின்னு சொல்லுவேன். வருஷக்கணக்குல ஒரு மொழியும் இல்லாம வளந்த குழந்தைக்கு அப்புறம் எந்தக் கருவியாலயும் அத முழுசா ஈடுகட்ட முடியாது. சைகை மொழி முழுமையான மொழி, அது தெரிஞ்ச குழந்தைக்கு யோசிக்க, கேள்வி கேக்க, கோவப்பட ஒரு வழி இருக்கு, பேச்சு அது மேல வந்து ஒக்காரட்டும். கருவியே வேணாம், சைகை மொழி போதும்னு முடிவெடுத்த பெரியவங்களும் நெறைய இருக்காங்க, அவங்க வாழ்க்கையில எந்தக் குறையும் இல்ல. உங்க செய்தியில "குறை தீந்தது", "சாபம் நீங்குச்சு"ன்னு போடுறப்போ அவங்களுக்கு எப்படி இருக்கும்னு கொஞ்சம் யோசிங்க.

சரி, ஸ்விட்ச் ஆன் அன்னிக்கப்புறம் வீட்டுல என்ன நடக்குதுன்னு யாராவது எழுதியிருக்காங்களா. தெனமும் காலையில ஆ, ஊ, ஈ, ஷ், ஸ், ம்னு ஆறு ஒலிய சொல்லி, குழந்தைக்கு கேக்குதான்னு அம்மா பாக்கணும், டேனியல் லிங்னு ஒருத்தர் கொடுத்துட்டுப் போன சோதனை அது, கீழ் ஸ்தாயிலருந்து மேல் ஸ்தாயி வரைக்கும் பேச்சோட அகலத்த அந்த ஆறு ஒலி அளந்துடும். ஸ் மட்டும் கேக்கலன்னா மேப்பிங் பாக்கணும், எதுவுமே கேக்கலன்னா பேட்டரியோ காயில் வயரோ போயிருக்கும். குழந்தைக்கு சொல்லத் தெரியாது, வயர் அறுந்து ரெண்டு நாள் ஒண்ணும் கேக்காம ஸ்கூல் போயிட்டு வந்த பிள்ளைங்க இருக்காங்க, திரும்பிப் பாக்கலன்னு அடி வாங்குனதும் உண்டு. தூங்கும்போது ப்ராசஸர கழட்டிடுவாங்க, அப்போ குழந்தைக்கு முழு அமைதி, ராத்திரி பயந்து முழிச்சா அம்மா குரல் சமாதானப்படுத்தாது, அம்மா கை தான் சமாதானப்படுத்தணும். ஈரம் படாம பாத்துக்கணும். தலையில காந்தம் இருக்குறதால எம்ஆர்ஐ எடுக்கணும்னா முன்கூட்டியே சொல்லணும், மாடலுக்கு மாடல் விதி மாறும். இம்ப்ளான்ட் வெச்சவங்களுக்கு பாக்டீரியா மூளைக்காய்ச்சல் வர்ற வாய்ப்பு மத்தவங்கள விட கூடுதல்னு 2002லயே எச்சரிக்கை வந்துடுச்சு, நிமோகாக்கல் தடுப்பூசி போடணும்னு அப்போலருந்து சொல்றாங்க, ஆனா என்கிட்ட வர்றவங்கள்ல அத கேள்வியே படாதவங்க இருக்காங்க. வெளியில இருக்குற ப்ராசஸர் சில வருஷத்துக்கு ஒருக்கா பழசாயிடும், மாத்தணும், அந்த செலவு யார் பொறுப்புன்னு ஆபரேஷன் அன்னிக்கே தெளிவா கேட்டு வெச்சுக்கணும். கருவி தானமா கெடச்சாலும் ஸ்பீச் தெரபிக்கு வாராவாரம் கூட்டிட்டு வர ஒரு ஆள் வீட்டுல வேணும், பெரும்பாலும் அந்த ஆள் வேலைய விட்ட அம்மாவாத்தான் இருக்காங்க.

உலகத்துல 43 கோடிக்கு மேல ஆட்களுக்கு உதவி தேவைப்படுற அளவு காது கேக்கலன்னு உலக சுகாதார நிறுவனம் 2021 அறிக்கையில சொல்லுது. இதுவரைக்கும் பதிவான இம்ப்ளான்ட் 10 லட்சம் சொச்சம். ரெண்டு எண்ணையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா மத்தவங்க எல்லாம் எதை வெச்சு சமாளிக்கிறாங்கன்னு கேள்வி வரும். சிலருக்கு ஹியரிங் எய்ட் போதும், சிலருக்கு சைகை, சிலருக்கு உதட்டசைவு, பலருக்கு ஒண்ணுமே கெடையாது.

ஆசிரியர் அவர்களே, நான் கேக்குறது இது தான். ஸ்விட்ச் ஆன் செய்தி போடுங்க, வேணாம்னு சொல்லல. அதே குழந்தைய ரெண்டு வருஷம் கழிச்சு போயி பாத்து இன்னொரு செய்தி போடுங்க, பேசுதான்னு மட்டும் கேக்காம, தெரபி நிக்காம நடக்குதா, மேப்பிங்குக்கு எவ்வளவு தூரம் போறாங்க, ப்ராசஸர் உடஞ்சா எத்தன நாள்ல திரும்ப வருதுன்னு கேளுங்க. தடுப்பூசி பத்தி செய்தியோட கடைசியில ஒரு வரி சேருங்க. டாக்டர பேட்டி எடுக்குறப்போ பக்கத்துல ஆடியாலஜிஸ்ட்டையும் தெரபிஸ்ட்டையும் ஒக்கார வெச்சு அவங்களையும் பேச விடுங்க. இம்ப்ளான்ட் வெக்க முடியாம போன ஒரு குடும்பத்தையும் தேடிப்பிடிச்சு எழுதுங்க. காது கேக்காத பெரியவங்கள, சைகை மொழிபெயர்ப்பாளர கூட்டிட்டுப் போயி, அவங்க வாயாலயே இல்லன்னா அவங்க கையாலயே கேட்டு எழுதுங்க, அவங்கள பத்தி எழுதுறதெல்லாம் இதுவரைக்கும் மத்தவங்க சொன்னது தான்.

இப்படிக்கு,
காது கேக்காத பிள்ளைங்களுக்குப் பேச்சு சொல்லித்தர்ற ஒரு ஆசிரியை